எபேசஸ் தேனீ

இன்று ஓர் ஏலப் பட்டியலில் பண்டைய கிரேக்க நகரமான எபேசஸின் வெள்ளி டெட்ராட்ராக்ம் (நான்கு டிராக்மா காசு) ஒன்று. விரித்த இறக்கையுடன் தேனீ, இருபுறமும் நகரப் பெயரின் முதல் இரு கிரேக்க எழுத்துகளான எப்சிலான், ஃபை.

படம் அழகு. எடை மட்டும் போடவில்லை. அப்படியானால் கேட்டு வாங்காமல் கை தூக்கக் கூடாது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் காசு இது. நல்ல நிலையில் 15 கிராமை ஒட்டி நிற்கும். 13 என்றால், செம்புக்கு வெள்ளி போர்த்திய அந்தக் காலத்துப் போலியாகவே இருக்கலாம். (அந்தப் போலியைச் சேகரிக்கவும் ஆள் உண்டு!)

அடுத்து விளிம்பு. அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்த காசில் சிறு வெடிப்பு இருந்தால் பயமில்லை. சுற்றிலும் ஒட்டுக் கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ இருந்தால் உருக்கி ஊற்றி வார்த்த போலி. 10 மடங்கு லென்ஸில் தேனீயின் வயிற்று வரிகளிடையே உருண்டைக் குமிழிக் குழிகளையும் தேடுங்கள்.

பின்பக்கம் திரும்பிப் பார்க்கும் மான், பேரீச்சை மரம், ஓர் அதிகாரியின் பெயர். தேனீயும் மானும் ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்கு உரியவை. அரிய பெயருக்கு விலை ஏறும். எனக்கு அதைவிட, தேனீ நடுவில் விழுந்து இறக்கை நுனி வெட்டுப்படாமல் இருப்பதே பெரிது.

வாங்கியபின் தேய்க்காதீர்கள். பழைய வெள்ளி சில சமயம் உள்ளே படிகமாகி நொறுங்கக்கூடியதாகிவிடும், தவறி விழுந்தாலே இரண்டாகலாம்.

பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். தூய அசிட்டோனில் ஊறவைத்தால் போய்விடும். மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறையே நல்லது.