முனிம்மாவுக்குக் கருமாதி

தருமபுரியில் இருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பென்னாகரம் வரை ஊரும் வயலுமாக வரும். அப்புறம் காடு பிடித்து, சாலை வளைந்து வளைந்து காவிரியை நோக்கி இறங்கும். எல்லோரும் அருவி, பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் என்ற நினைப்பிலேயே இந்த வழியைக் கடந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன், டீ குடிக்க இறங்கிய இடத்தில் அந்த ஃப்ளெக்ஸ் இல்லாவிட்டால்.

‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நடுவில் ஒரு குரங்கு. மறைவு என்ற இடத்தில் தேதி இருந்தது, தோற்றம் என்ற இடம் காலி. கீழே வழக்கம்போல ஊர் இளைஞர்கள் கூலிங் கிளாஸோடு வரிசையாக நின்றார்கள். பக்கத்துப் புளியமரத்தடியில் மண்ணைக் கூட்டி மேடு கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாழை இலை போட்டிருந்தார்கள். இலையில் சர்க்கரைப் பொங்கல், சுண்டல், வாழைப்பழம், ஒரு பன்.

“பன் எதுக்குக்கா?” என்று டீக்கடை அக்காவைக் கேட்டேன்.

“அதுக்குப் பன்னுன்னா உசுரு தம்பி. பாட்டில் மூடியைத் திருகித் தொறக்கத் தெரியும் அதுக்கு. எங்க வீட்டுக்காரருக்கே சரியாத் தெறக்க வராது.”

வலது கையில் இரண்டு விரல் இல்லாத கிழட்டுப் பெண் குரங்கு. கரண்ட் கம்பியைப் பிடித்ததில் போனதாம். முனிம்மா என்று யார் பெயர் வைத்தார்கள் என்பதில் அங்கேயே இரண்டு பேருக்குத் தகராறு. நாட்டுக்குரங்குகளில் ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசி வரை இருக்கும். அதனால்தான் முனிம்மாவை இந்த ஊர் குட்டியில் இருந்தே பார்த்திருக்கிறது. கடலைக்காயைப் பிடுங்கித் தின்கிறது என்று கல்லால் அடித்ததும் இதே ஊர்தான். சொல்லும்போது யாரும் அதை மறைக்கவில்லை.

சாவு வந்தது காரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஜன்னல் வழியாக வீசிய சிப்ஸ் பாக்கெட்டை எடுக்கச் சாலைக்கு ஓடியிருக்கிறது. பின்னால் வந்த வண்டி நிற்கவே இல்லை. மலைப்பாதையின் கைப்பிடிச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது அழகு என்று வண்டியை நிறுத்திப் பழம் நீட்டுகிறோமே, அந்தப் பழக்கம்தான் அவற்றைக் காட்டில் இருந்து தார் ரோட்டுக்கு இழுத்து வருகிறது. அத்தியும் புளியும் தின்று வாழத் தெரிந்த பிராணி அது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் உண்டு, அதை எழுதாமல் இருக்க முடியாது.

குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, பாடை கட்டி, மேளத்தோடு தூக்கிப் போய் உட்கார்ந்த நிலையிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஒரு பையன் மொட்டை போட்டிருந்தான். அன்று சாயங்காலம் குரங்குக் கூட்டம் முழுக்கப் புளியமரத்துக்கு வந்து சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்ததாம். குரங்குக்குத் துக்கம் தெரியுமா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இறந்த குட்டியைக் கீழே விடாமல் சுமந்து திரிந்த நாட்டுக்குரங்குத் தாய்களை ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

மேட்டின் மேல் கல் நட வேண்டும் என்றார் திண்ணையில் இருந்த பெரியவர். ஆஞ்சநேயர் கோயிலாகவே கட்டலாம் என்றார்கள் பையன்கள். எனக்குப் பெரியவர் சொன்னதுதான் பிடித்தது. காலையில்தான் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மாட்டு மந்தையைக் கவர்ந்து போகும் சண்டையில் செத்தவனுக்கெல்லாம் கல் நட்ட பூமி இது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன்; கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். முனிம்மா எந்தக் கள்ளனையும் கடிக்கவில்லை. அதுவே கள்ளிதான்.

பேச்சு ஃப்ளெக்ஸ் பக்கம் திரும்பியதும் அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. “இது எங்க முனிம்மாவே இல்ல தம்பி. எந்த ஊர்க் கொரங்கோ!”

உற்றுப் பார்த்தேன். சரிதான். நம் நாட்டுக்குரங்குக்கு உச்சியில் வகிடு எடுத்துச் சீவிவிட்டாற்போல முடி இருக்கும், வாலும் உடம்பை விட நீளம். படத்தில் இருந்ததற்கு வகிடும் இல்லை, வாலும் குட்டை. வட இந்தியாவில் இருக்கிற ரீசஸ் குரங்கு. ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரர் இணையத்தில் முதலில் வந்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு வடநாட்டுக் குரங்குக்கு இத்தனை நாளாக ஊரே கண்ணீர் அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

“வேற அடிச்சுடலாம்க்கா, நல்ல போட்டோ இருந்தாக் குடுங்க” என்றான் மொட்டை.

ஆளாளுக்கு செல்போனை எடுத்துத் தேடினார்கள். ஒன்றில் முதுகு மட்டும், ஒன்றில் வால் மட்டும். முகம் தெளிவாக விழுந்திருந்தது ஒரே படத்தில்தான். முனிம்மா டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து, பாட்டிலுக்குள் முழங்கை வரை விட்டபடி, படம் எடுப்பவரை முறைத்துக்கொண்டிருந்தது.

“திருடுற போட்டோவையாக்கா அஞ்சலிக்குப் போடறது?”

“பின்ன, அது என்ன தவமா பண்ணிட்டிருந்துச்சு? அதையே போடு. விரலு ரெண்டும் இல்லாதது தெரியற மாதிரி பெருசாப் போடு.”