பட்டர் ஃப்ரூட் படலம்

கொடைக்கானல் போன தம்பி, தாண்டிக்குடிப் பக்கம் 2 கிலோ பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) வாங்கி வந்துவிட்டான். மூன்று நாள் கல்லாகக் கிடந்தவை நேற்று மொத்தமாகப் பழுத்துவிட்டன. எத்தனை மில்க் ஷேக்தான் குடிப்பது? அதனால் சாலட் மேல் ஊற்ற ஒரு டிரெஸ்ஸிங் செய்தேன்.

ஒரு பழத்தின் சதை, அரை கப் கெட்டித் தயிர், பாதி எலுமிச்சம்பழச் சாறு, ஒரு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், கைப்பிடி மல்லித்தழை, உப்பு. மிக்ஸி சின்ன ஜாரில் ஒரே ஓட்டு. இறுகினால் இரண்டு ஸ்பூன் தண்ணீர். வெள்ளரி, கேரட், வேகவைத்த கொண்டைக்கடலை மேல் ஊற்றிக் கிளறினால் வழவழவென்று ஒட்டிக்கொள்கிறது. எலுமிச்சையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், சீக்கிரம் கறுத்துவிடும்.

அம்மா விரலால் தொட்டு ருசி பார்த்தார். "சட்னிதானடி இது? தோசை ஊத்தட்டா?"

ஊற்றினார். நாலு தோசை உள்ளே போனது.