36 வயதில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன்: விண்ணப்பத்திலிருந்து சான்றிதழ் வரை

அரசு ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், சேரப் பெண்களுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. ஆண்களுக்கு 40 வரை. இது தெரியாமலே "இனிமே நமக்கெல்லாம் எங்க" என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இப்போதும் கேட்பார், "ஏம்மா, சின்னப் பிள்ளைகளோட உன்னையும் உட்கார வச்சாங்களாக்கும்?" வைத்தார்கள். பெஞ்சில் இல்லை, வொர்க்‌ஷாப்பில் வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி) முன்னால் நிற்க வைத்தார்கள், அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

எனக்கு ஊர் மதுரை அழகர்கோவில் ரோட்டில் அப்பன்திருப்பதி. பத்தாவதோடு படிப்பு நின்றது, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அப்புறம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. மோனோபிளாக் பம்பு, கிரைண்டர் மோட்டார், ஃபேன் என்று எரிந்துபோனதெல்லாம் வரும். பழைய காயிலை வெட்டி எடுத்து, காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, பேப்பர் வைத்து, புதுக் காயிலை இறக்கிக் கட்டி வார்னிஷுக்கு அனுப்புவது என் வேலை. கை பழகிவிட்டது, ஆனால் அதைச் சொல்ல ஒரு காகிதம் இல்லை. ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனால், வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் "ஐ.டி.ஐ. முடிச்சிருக்கீங்களா?" என்றார்கள். அவ்வளவுதான் இன்டர்வியூ.

தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ. நூற்றுக்கும் மேல் இருக்கிறது, எல்லாம் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் கீழ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. துறையின் இணையதளத்தில் ஒரே விண்ணப்பம், கட்டணம் 50 ரூபாய், அதற்குள்ளேயே எந்த ஊர், எந்த டிரேட் (தொழிற்பிரிவு) என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு கோ.புதூர்தான் பக்கம், ஆனால் திண்டுக்கல், விருதுநகர், பரமக்குடி, காரைக்குடிப் பக்கம் அமராவதிபுதூர் எல்லாமே அதே பட்டியலில் வரும். தனியார் ஐ.டி.ஐ.க்களில் இருக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதே விண்ணப்பத்தில் வரும் என்பதால், அரசா தனியாரா, என்.சி.வி.டி. என்கிற தேசிய அளவு அங்கீகாரமா எஸ்.சி.வி.டி. என்கிற மாநில அங்கீகாரமா என்று பெயருக்கு நேரே பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். வெளிமாநிலத்துக்கோ மத்திய அரசு வேலைக்கோ போக நினைப்பவர்களுக்கு என்.சி.வி.டி. சான்றிதழ்தான் நல்லது.

விண்ணப்பம் போடுவது பெரிய வேலையே இல்லை. அதற்கு முந்தைய காகித வேலைதான் என்னை வாட்டியது, கல்யாணமான பெண்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பத்தாவது மார்க் ஷீட்டில் என் இனிஷியல் அப்பாவுடையது. ஆதாரில் வீட்டுக்காரருடையது, ரேஷன் கார்டுக்காக எப்போதோ மாற்றியது. சாதிச் சான்றிதழ் கையால் எழுதிய பழைய அட்டை, அதில் இனிஷியலே இல்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று பெண்கள் மாதிரி இருக்கும். ஐ.டி.ஐ.யில் கடைசியில் கிடைக்கும் தேசியச் சான்றிதழ் பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடி வந்தால்தான் பின்னால் தொல்லை இல்லை, அங்கே ஒருமுறை தப்பாக ஏறிவிட்டால் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்று ஏற்கெனவே முடித்த ஒரு தம்பி சொன்னான். அதனால் மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதன் வழிக்குக் கொண்டு வந்தேன். தபால் நிலையத்து ஆதார் கவுன்ட்டரில் இனிஷியலை அப்பாவுடையதாக மாற்றினேன். ஆதாரில் பெயரை ஆயுசுக்கு இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் திரையில் பார்த்து ஓகே சொல்லுங்கள். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, அப்பாவின் பழைய சான்றிதழையும் இணைத்துப் புதிதாகப் போட்டேன். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று படிப்படியாக ஏறி, டிஜிட்டல் கையெழுத்தோடு வந்தது. விண்ணப்பம் ஆரம்பித்த பிறகு இதற்கெல்லாம் அலைந்தால் நேரம் போதாது. பத்தாவது ரிசல்ட் வரும் சமயம்தான் ஐ.டி.ஐ. விண்ணப்பமும் திறக்கும், அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே முடித்துவையுங்கள்.

விண்ணப்பத்தை வெளியே ஒரு பிரவுசிங் சென்டரில் போடப் போனேன். அங்கே இருந்தவர் நான் கேட்காமலே "அக்காக்குத் தையல் போட்டுறலாம், லேடீஸுக்கு அதான் ஈசி" என்று முதல் விருப்பமாகத் தையல் டிரேடைக் கிளிக் பண்ணிவிட்டார். தையல் நல்ல தொழில்தான், ஆனால் நான் எதற்கு வந்தேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுந்து வந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அரசு ஐ.டி.ஐ.யிலேயே சேர்க்கை உதவி மையம் வைத்திருக்கிறார்கள், அங்கே போனால் விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான், அவர்களே பதிவேற்றித் தருவார்கள். நேராக அங்கே போங்கள்.

டிரேட் தேர்வைப் பற்றி என் கருத்தைக் கறாராகவே சொல்கிறேன்: முதலில் டிரேட், அப்புறம்தான் ஊர். பக்கத்து ஊரில் கிடைக்கிறது என்பதற்காகப் பிடிக்காத டிரேடை இரண்டாவது, மூன்றாவது விருப்பமாகப் போட்டு, அதுவே கிடைத்து, பாதியில் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீசியன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், ஏ.சி. மெக்கானிக் எல்லாம் இரண்டு வருடம், பத்தாவது தேறியிருக்க வேண்டும். வெல்டர் ஒரு வருடம். வயர்மேன், வெல்டர் மாதிரி சிலவற்றுக்கு எட்டாவது போதும். டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தரம் உயர்த்தியதில் ரோபோட்டிக்ஸ், அட்வான்ஸ்டு சி.என்.சி., மின்வாகன மெக்கானிக் போன்ற புது டிரேடுகளும் வந்திருக்கின்றன, இளவட்டங்கள் அதையும் பார்க்கலாம். எனக்கு வைண்டிங் தெரியும், ஆகவே எலக்ட்ரீசியன் தவிர வேறு யோசனையே இல்லை. கோ.புதூரை முதலிலும், அதே டிரேடுக்குத் திண்டுக்கல்லையும் விருதுநகரையும் அடுத்தடுத்தும் போட்டேன். பத்தாவது மதிப்பெண்ணும் இனவாரி இடஒதுக்கீடும் பார்த்து ஒதுக்குவார்கள். எலக்ட்ரீசியனுக்கு ஒரு யூனிட்டில், அதாவது ஒரு வகுப்புப் பிரிவில், 20 இடம்தான், போட்டியும் அதிகம். என் மதிப்பெண் சுமார் ரகம். ஆனாலும் புதூரே கிடைத்தது. கலந்தாய்வில் கிடைக்காதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம், மீதி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை என்று பின்னால் அறிவிப்பார்கள், அதில் வந்து சேர்ந்தவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள்.

சேருகிற அன்று கட்டிய பணம் 200 ரூபாயைத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் நம்பாமல் ரசீதை இரண்டு தடவை பார்த்தார். அசல் டி.சி.யை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கொடுப்பதற்கு முன் நாலைந்து நகல் எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு சீருடைத் துணி, ஷூ, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், சைக்கிள் எல்லாம் அரசு கொடுக்கிறது, ஒரே நாளில் இல்லை, ஒவ்வொன்றாக வரும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வருகைப்பதிவைப் பார்த்து வங்கிக் கணக்குக்கு வரும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 தனி, பையன்களுக்கு 2024லிருந்து தமிழ்ப் புதல்வன். இலவச பஸ் பாஸும் உண்டு, எனக்கு அது தேவைப்படவில்லை, சாதாரணக் கட்டணப் பேருந்தில்தான் 2021லிருந்து பெண்களுக்கு டிக்கெட்டே இல்லையே.

சரி, வொர்க்‌ஷாப்புக்கு வருவோம். கரண்ட் படிக்கப் போன எனக்கு முதலில் கொடுத்தது அரம். ஒரு இரும்புத் துண்டை வைஸில் கட்டி, நாலு பக்கமும் ஒன்றுக்கொன்று மூலைமட்டம் சரியாக வரும்வரை ராவ வேண்டும். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும், அது தெரியக் கூடாது. "வெளிச்சம் வருது பாருங்க, இன்னும் ராவுங்க" என்பார் ஏ.டி.ஓ. சார், எங்கள் பயிற்சி ஆசிரியர். மூட்டு வலி, கை முழுக்கக் கொப்புளம். கூட இருந்த பையன்களுக்கு என் மூத்தவனைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும், முதல் வாரம் "மேடம்" என்றார்கள், நான் சிரித்துவிட்டேன், அப்புறம் எல்லாருக்கும் "அக்கா". கை வலிக்காமல் ராவ எப்படி நிற்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது அவர்கள்தான், பதிலுக்கு இரண்டாம் வருடம் வைண்டிங் வந்தபோது காயில் பிட்ச் (ஒரு காயிலின் இரண்டு பக்கத்துக்கும் இடையே எத்தனை ஸ்லாட் என்பது) எண்ணுவதை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இடையில் ஜாயின்ட் போடுவது, சால்டரிங், மாடிப்படி விளக்குக்கு இரண்டு டூ-வே சுவிட்ச் வைத்து வயரிங், எர்த் குழி, மெகர் என்கிற மீட்டர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பது, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்று போகும். கடையில் வருடக்கணக்காக ஸ்டார், டெல்டா என்று வாயால் சொல்லிக்கொண்டு ஆறு முனைகளை மனப்பாடமாகக் கட்டியவள் நான். ஓடத் தொடங்கும்போது மின்னோட்டம் எகிறாமல் இருக்கத்தான் முதலில் ஸ்டாரில் விட்டு அப்புறம் டெல்டாவுக்கு மாற்றுகிறோம் என்று போர்டில் கணக்குப் போட்டுக் காட்டியபோது, இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை என்று கோபம்தான் வந்தது. கணக்கும் இன்ஜினியரிங் டிராயிங்கும் எனக்குச் சிரமம், மறைக்கவில்லை. ராத்திரி மூத்தவனோடு உட்கார்ந்து அவன் பள்ளிக் கணக்கு, நான் என் கணக்கு.

இதில் பெரிய சிக்கல் வருகைப்பதிவு. 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விட மாட்டார்கள். பகல் வேலை பார்த்துக்கொண்டே இதைப் படிக்க முடியாது, இதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவெடுங்கள். நான் கடையில் சாயங்காலமும் விடுமுறை நாளும் மட்டும் என்று கேட்டேன், முதலாளி கூலியைக் குறைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஊரில் ஒரு கேதம் என்றால் அந்த 20 சதவீதம் எங்கே போனதென்றே தெரியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் எங்கள் ஊர் வழியாகத்தான் மதுரைக்குப் போவார், அந்த நாட்களில் அழகர்கோவில் ரோட்டில் பஸ்ஸைப் பிடித்துப் புதூர் போவது நடக்கிற காரியமில்லை. அதற்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே லீவைச் சேமித்து வைக்க வேண்டும், சும்மா சோம்பலாக இருக்கிறது என்று ஒரு நாளைச் செலவழிக்கக் கூடாது.

தேர்வு அகில இந்திய அளவில் நடப்பது. எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில், சரியான விடையைக் கிளிக் பண்ணுகிற வகை, தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். செய்முறைக்கு 60 வேண்டும், அதுதான் சரியும்கூட, கரண்ட் வேலையில் பாதி தெரிந்தவன் ஆபத்து. மவுஸ் பிடித்துப் பழகாதவர்கள் தேர்வுக்கு முன் எங்கேயாவது உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் வந்த அன்றே பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, போட்டோ நாலையும் சரிபாருங்கள். சான்றிதழ் ஆன்லைனில்தான் வரும், க்யூ.ஆர். குறியீட்டோடு. என்னுடையதில் இனிஷியல் அப்பாவுடையது, மார்க் ஷீட்டில் உள்ளபடியே.

முடித்த பிறகு கதவெல்லாம் திறந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ரயில்வே அப்ரண்டிஸுக்கு (தொழில் பழகுநர் பயிற்சி) ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு 24தான் மேல் வரம்பு, இடஒதுக்கீட்டுத் தளர்வு சேர்த்தாலும் என் வயது அந்தப் பக்கமே போகாது. கூடப் படித்த தம்பிகள் போட்டார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்ரண்டிஸ் சட்டம் குறைந்தபட்ச வயதைத்தான் சொல்கிறது, மேல் வரம்பு அந்தந்த நிறுவனம் வைப்பது. அதனால் மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிந்துவிட்டு, புதூர் தொழிற்பேட்டையிலும் கப்பலூரிலும் சின்னக் கம்பெனிகளாகப் பார்த்து நேரில் போனேன். சிலர் வயதைப் பார்த்ததும் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் பேனல் போர்டு ஒன்றைத் திறந்து வைத்து "இதுல என்ன கோளாறுன்னு பாருங்க" என்றார்கள், சுமை கூடினால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகி ரீசெட் ஆகாமல் கிடந்தது, சொன்னேன், அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து பாலிடெக்னிக். பத்தாவதோடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், அதற்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான், கட்டணம் 150 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இல்லை. அப்ரண்டிஸ் முடிந்ததும் போடலாம் என்று இருக்கிறேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், "அதுக்கும் இருநூறுக்குள்ளயா?" என்றுதான் கேட்டார். இல்லை, இது வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும், ஆனாலும் அரசுக் கல்லூரி என்பதால் தாங்கக்கூடியதுதான்.