26 வாரம் முடிந்தது

மகப்பேறு விடுப்பு முடிந்து இன்று என் மனைவி மீண்டும் வேலைக்குப் போகிறாள். நான் இரவு ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். பகலில் பாப்பா என்னிடம், இரவில் அவளிடம். நாங்கள் இருவரும் முகம் பார்த்துப் பேச மாலையில் அரை மணி நேரம் கிடைக்கும்.

மத்திய அரசு வேலையில் இருக்கும் அண்ணனுக்குக் குழந்தை பிறந்தபோது 15 நாள் விடுப்பு கிடைத்தது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் அம்மாக்களின் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கியது, நல்ல விஷயம். ஆனால் அப்பாவுக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை. பாப்பா பிறந்த நான்காம் நாளே நான் வேலைக்குப் போனேன். தையல் வலியோடு அவள் தனியாக விழித்திருந்த இரவுகள் இன்னும் மனதை அறுக்கின்றன.

பஸ் ஏறும்முன் கேட்டாள்: “ராகிக்கூழ் கட்டி தட்டாம கிண்டிடுவீங்களா?”

கிண்டிவிட்டேன். பாப்பா முழுக் கிண்ணமும் சாப்பிட்டாள்.