பின்பாட்டு இல்லாத கூத்து

மார்ச் 3
விடிவதற்குள் பரதப் பயிற்சி. முழங்காலை மடக்கி அரைமண்டி. காலைத் தரையில் தட்டும் தட்டடவு, மூன்று வேகத்திலும். வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது என்று டீச்சர் நேற்றுச் சொன்னதிலிருந்து முழங்காலைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அதனால் முகம் செத்துக் கிடந்தது. கை போகிற இடத்துக்குக் கண்ணும் போகணும் என்று 11 வருஷமாகக் கேட்கிறேன். இன்று கண் தரையில்.

மார்ச் 5
தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் வகுப்பு. ஆதி தாளம், கண்ட நடை. ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, 5 மாத்திரை, 8 அட்சரத்துக்கு 40. கணக்கு சுலபம். தகதகிட என்று வாய் சொல்லிவிடுகிறது, கை தாளம் போட்டுவிடுகிறது, கால்தான் நைசாக நாலுக்கு ஓடிப்போகிறது. அடிக்கு ஐந்து சொல் வீதம் முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். எதிரே வந்தவர் ஒதுங்கி வழி விட்டார்.

மார்ச் 9
தெருக்கூத்துப் பயிற்சி. பரதத்தில் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கமும் பாட்டும் ஓரமாக உட்கார்ந்திருப்பவர்கள் பொறுப்பு. நான் உதடசைத்தால் போதும். கூத்தில் வேஷம் கட்டினவரேதான் பாடியாக வேண்டும். சுற்றி ஆடிக்கொண்டே இரண்டு அடி பாடினேன். மூன்றாவது அடிக்கு வெறும் காற்றுதான் வந்தது.

வாத்தியார் சிரிக்கவில்லை. "ஏம்மா, ரெண்டையும் ஒண்ணா ஏன் தூக்குற? பாடி முடி. பின்பாட்டுக்காரன் அதே அடிய வாங்கிப் பாடுவான். அப்ப ஆடு."

திறந்தவெளியில் கடைசி ஆள் வரை கேட்கட்டும் என்றுதான் பின்பாட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆடுகிறவரின் தொண்டையை இறக்கி வைக்க ஒரு திண்ணை அது. இரவு முழுக்க ஆடுகிற கலைக்கு மூச்சுக் கணக்கு இல்லாமலா இருக்கும்?

மார்ச் 10
"ஏதாவது ஒண்ணப் பிடிச்சுக்கோ" என்றார் சித்தப்பா. நடனம், கூத்து, கொன்னக்கோல் என்று மூன்று தோணியில் கால் வைக்கிறேனாம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துப் படித்தேன். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழ் ஆசிரியன் எல்லாரும் மாதவி என்ற ஒரே சிறுமியைச் சுற்றி. 7 வருஷப் பயிற்சி, 12 வயதில் அரங்கேற்றம். அந்தப் பிள்ளையிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா? சித்தப்பாவுக்குப் பதில் தேடப் போன எனக்கு அடுத்த தனி நிகழ்ச்சிக்கான கரு கிடைத்தது.

மார்ச் 14
ஓய்வு. ஐஸ் பை.

மார்ச் 17
தனி நிகழ்ச்சி பன்னிரண்டு நிமிடம் என்று முடிவு. முதல் வடிவத்தில் கொஞ்சம் ஜதி, கொஞ்சம் கூத்து, கொஞ்சம் வசனம். போன வருஷமாக இருந்தால் ஃப்யூஷன் என்று பேர் வைத்து மேடையேற்றியிருப்பேன். பார்த்த தோழி, "மூணு பேரு மாத்தி மாத்தி வந்து போற மாதிரி இருக்குடி" என்றாள். எல்லாவற்றையும் வெட்டினேன்.

காதை சொல்லும் அரங்கைத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். ஒரு கோல் 24 விரல். 7 கோல் அகலம், 8 கோல் நீளம். என் சின்னப் பெருவிரலின் அகலத்தை வைத்து அளந்ததில் மூன்றரை மீட்டருக்கு நாலு மீட்டர்கூடத் தேறவில்லை. கூத்துச் சுற்றில் இரண்டு முறை கோட்டைத் தாண்டிவிட்டேன். கோட்டை அழிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அவ்வளவுதானே இடம்.

மார்ச் 21
தனியாள் நிகழ்ச்சிக்குப் பின்பாட்டுக்கு எங்கே போவது? சலங்கையிடம் கொடுத்துப் பார்த்தேன். ஓர் அடி பாடிவிட்டு வாயை மூடிக்கொள்வது. அடுத்த ஓர் ஆவர்த்தனம், ஒரு முழுத் தாளச் சுற்று, கால் மட்டும், தகதகிட எட்டுத் தடவை. பாடின அடியையே கால் திருப்பிச் சொல்வதுபோல் கேட்டது. அடுத்த அடிக்குக் குரல் திரும்பி வந்தது. ஐந்தாவது அடியில் உடைந்தது, அது வேறு கதை.

வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கால் பாடுது" என்றார். சாயங்காலம் டீச்சருக்கும் ஆடிக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார்.

"முழங்கால் இன்னும் உள்ளதான் போகுது."