கப்பல்ல ஃபயர் பிளான் சிம்பல் பழகினது

புதுசா கப்பல் ஏறுன எல்லாருக்கும் ஃபெமிலியரைசேஷன், அதாவது கப்பல பழகிக்கிறது இருக்கும், அதுல எனக்கு அதிகமா டைம் எடுத்தது ஃபயர் கன்ட்ரோல் பிளான்தான், தீயணைக்கிற சாமான் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு காட்டுற கப்பல் வரைபடம். கப்பலுக்குள்ள நடக்குற வழியில (அலைவே) பெருசா ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பாங்க, கிட்டப் போனா டெக்குக்கு டெக் குட்டிக் குட்டியா படம், எழுத்து, ஓரத்துல எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்னு நீளமா ஒரு லெஜண்ட். அந்த லெஜண்ட உக்காந்து மனப்பாடம் பண்றதெல்லாம் வேலைக்காகாதுங்க.

தேர்ட் மேட்ங்கற ஆபீசர் பிளானோட ஒரு காப்பி குடுத்து நடந்துட்டு வான்னாரு. படத்துல இருக்கறத நேர்ல தேடிப் புடிச்சு பென்சில்ல டிக் போட்டுட்டே போனேன், அப்பதான் மண்டையில ஏறுச்சு. எக்ஸ்டிங்விஷர் சிம்பல்ல டபிள்யூ இருந்தா தண்ணி, எஃப் ஃபோம், பி பவுடர். வென்டிலேஷன் டேம்பர்ல, அதாவது காத்து போற குழாய மூடுற தகடுல, ஏ-ன்னா ஆளுங்க தங்குற அக்காமடேஷன், எம் மெஷினரி, சி கார்கோ. இது தெரியாம தீ நேரத்துல எத மூடுறதுன்னு நிக்க முடியாதுல்ல.

குழப்புறது எங்கன்னா, பிளான்ல இருக்கற படமும் செவுத்துல ஒட்டியிருக்கற படமும் ஒரே மாதிரி இருக்கணும்னு கிடையாது. பிளானுக்கு ஐஎம்ஓவோட (சர்வதேச கடல்சார் அமைப்பு) 2003 ரெசல்யூஷன் ஏ.952, அதுக்கு முன்னாடி கட்டுன கப்பல்னா 1989ல வந்த ஏ.654 சிம்பலும் இருக்கலாம். செவுத்துக்கு தனியா ஏ.1116, அது 2019ல இருந்து கட்டுற கப்பலுக்கு, அதுல ஃபயர் சாமான் எல்லாம் சிவப்புக் கட்டத்துல வெள்ளைப் படம், தப்பிக்கிற வழி பச்சை. அதனால ஒரு கப்பல்ல பழகிட்டோம்னு அடுத்த கப்பல்ல அசால்ட்டா இருக்க முடியாது, லெஜண்ட ஒருதடவை பாத்துடணும்.

சீஃப் ஆபீசர் லெஜண்ட பேப்பர் வச்சு மறைச்சுட்டு கேள்வி கேட்டாரு. ஈஈபிடி (EEBD, எமர்ஜென்சிக்கு மாட்டிக்கிற காத்து செட்) சிம்பலக் காட்டி இத மாட்டிட்டு தீயணைக்கப் போவியான்னாரு, போகக் கூடாது, அது தப்பிச்சு வெளிய வர்றதுக்கு மட்டும், குறைஞ்சது 10 நிமிஷம்தான் காத்து இருக்கும், உள்ள போறதுக்கு பிரீதிங் அப்பாரட்டஸ் செட் வேற. அடுத்து இன்டர்நேஷனல் ஷோர் கனெக்ஷன், 178 மில்லிமீட்டர் ஃபிளாஞ்ச் (பைப் இணைக்கிற வட்டத் தட்டு), நாலு போல்ட், எந்தத் துறைமுகத்துலயும் கரையில இருந்து வர்ற தண்ணி லைன நம்ம ஃபயர் மெயின்ல, அதாவது கப்பலோட தீயணைப்புத் தண்ணி பைப்புல மாட்டலாம்.

கடைசியா வெளிய கூட்டிட்டுப் போய் டெக்ஹவுஸ் (டெக் மேல இருக்கற கட்டடம்) பக்கத்துல இருக்கற சிவப்பு டியூபக் காட்டுனாரு, மேல வெள்ளையில சிவப்புக் கப்பல் படம். மூடியத் தொறந்தா உள்ள அதே பிளான் சுருட்டி வச்சிருக்கு, தண்ணி போகாத மாதிரி. கரையில இருந்து வர்ற ஃபயர் ஆளுங்களுக்கு சோலாஸ்படி (கடல்ல உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) வைக்கிறது அது, மூடி டைட்டா இருக்கான்னு பாக்கறத அன்னையில இருந்து என் தலையில கட்டிட்டாங்க.