ஊசி குத்தினா ஒளிக்காதேங்கோ: வாட்டுக்கு போகப்போற பிள்ளைகளுக்கு

போன கிழமை அக்காவின்ர மகளுக்கு நேர்ஸிங் ட்ரெயினிங்குக்கு தெரிவான கடிதம் வந்தது, வீட்டில ஒரே சந்தோசம், அக்கா முறிகண்டிப் பிள்ளையாருக்கு தேங்காய் உடைக்கோணும் எண்டு நிக்கிறா, அத்தான் வெள்ளைச் சப்பாத்து நல்லது எங்க வாங்கலாம் எண்டு கிளிநொச்சி டவுண் முழுக்க கேட்டுக்கொண்டு திரியிறார். பிள்ளை என்னட்ட வந்து "சித்தி, நான் முதல்ல என்னத்தை ஆயத்தம் செய்யோணும்" எண்டு கேட்டாள். உன்ர கிளினிக் கார்ட் எங்க கிடக்கு எண்டு தேடு எண்டன். அவள் என்ர முகத்தை பாத்தாள். கார்ட் இல்லை. 2009இல சண்டை முடியிற நேரம் மாத்தளனால வெளிக்கிட்டு வரேக்க உடுத்த உடுப்போட வந்த சனம், பிள்ளையிட தடுப்பூசி கார்டை ஆர் தூக்கிக்கொண்டு வந்தது.

இதை ஏன் முதல் கேட்டனான் எண்டா, ஆசுப்பத்திரி வாட்டுக்குள்ள போற பிள்ளைக்கு ஹெப்படைட்டிஸ் பி (ரத்தத்தால தொத்தி ஈரலை தாக்கிற வைரஸ்) தடுப்பூசிதான் முதல் கவசம். எங்கட நாட்டில சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஊசி குடுக்கத் தொடங்கினது 2003இல. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கொஞ்சப்பேர் போட்டிருப்பினம், ஆனா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில எத்தினை டோஸ் விழுந்தது, கடைசி டோஸ் விழுந்ததா எண்டு தாய்மாருக்கே ஞாபகம் இல்லை, அதில அவையளை குறை சொல்லவும் ஏலாது. அதால "போட்டிருப்பன்" எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ. முழுசா போடுறது மூண்டு டோஸ், முதல் ஊசி, ஒரு மாசத்தில ரெண்டாவது, ஆறாம் மாசம் மூண்டாவது. முடிஞ்சு ஒண்டு ரெண்டு மாசத்தால ரத்தம் குடுத்து அன்டிபொடி (நோயை எதிர்க்க உடம்பு செய்யிற சத்து) பாக்கோணும், றிப்போட்டில 10 mIU/mLக்கு மேல இருந்தா பாதுகாப்பு இருக்கு. குழந்தையில போட்ட ஆக்களுக்கு காலம் போக அந்த நம்பர் கீழ இறங்கியிருக்கலாம், பயப்பிடத் தேவையில்லை, ஒரு டோஸ் திருப்பிப் போட்டிட்டு பிறகும் ஒருக்கா செக் பண்ணுவினம்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு.

நான் ட்ரெயினிங்கில இருக்கேக்க (எந்த ஆசுப்பத்திரி எண்டு வேண்டாம்) ஒரு நாள் பின்னேரம், கனியூலா (நரம்பில ஏத்துற சின்னக் குழாய்) போட்டு முடிஞ்ச ட்ரேயை எடுத்து துப்பரவாக்கச் சொல்லிச்சினம். பஞ்சுக்குள்ள ஆரோ விட்ட ஊசி ஒண்டு கிடந்திருக்கு. அள்ளினன், விரலில ஏறிட்டுது. கிளவ்ஸ் போட்டுத்தான் இருந்தனான், ஆனா கிளவ்ஸ் ஊசியை மறிக்காது, ரத்தம் படாமல் காக்கும் அவ்வளவுதான். நான் செய்த முதல் பிழை விரலை நசிச்சு நசிச்சு ரத்தம் எடுத்தது. ரெண்டாவது பிழைதான் பெரிசு, ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சிஸ்டர் ஏசுவா, கவனமில்லாத பிள்ளை எண்டு எழுதிப்போடுவினம், வீட்டுக்கு தெரிஞ்சா அம்மா அழுவா, இப்பிடி எல்லாம் மனசுக்குள்ள ஓடிச்சு. ரெண்டு ராத்திரி நித்திரை இல்லை. மூண்டாம் நாள் காலமை எனக்கு மூத்த பச் அக்கா ஒராள் முகத்தை பாத்திட்டு என்னடி எண்டு கேட்ட உடன அழுது சொல்லிப்போட்டன், அவ கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் டொக்டரிட்ட விட்டா.

அந்த ஊசி ஆற்ற உடம்பில இருந்து வந்தது எண்டு கண்டுபிடிக்க ஏலாமல் போச்சு. உடன சொல்லியிருந்தா அண்டைக்கே அந்த பேஷன்டை தெரிஞ்சிருக்கும், ரத்தம் எடுத்து பாத்திருக்கலாம், ஒரு மாசம் குளிசை போட்டிருக்கவே தேவையில்லாமல் இருந்திருக்கலாம். எச்.ஐ.வி. தடுக்கிற குளிசையை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கோணும், எவ்வளவு கெதியா தொடங்கினமோ அவ்வளவுக்கு நல்லது, முதல் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்திலயே எண்டா திறம். நான் ரெண்டு ராத்திரியை வீணாக்கிப்போட்டுத்தான் போய்ச் சேர்ந்தனான். 28 நாள் குளிசை, ஓங்காளம், சோத்தை கண்டாலே வயித்தை பிரட்டும், பிறகு மாசக்கணக்கா ரத்தச் சோதனை. எல்லாம் நெகட்டிவ் எண்டு கடைசி றிப்போட் வந்த அண்டைக்கு நான் பஸ் ஸ்டாண்டில இருந்து அழுதனான்.

கணக்கு தெரிஞ்சா பயம் அளவோட இருக்கும், அதால சொல்லுறன். எச்.ஐ.வி. உள்ள ஆளுக்கு ஏத்தின ஊசி குத்தினா தொத்துறது 1000இல 3 பேர் அளவுக்குத்தான். ஹெப்படைட்டிஸ் சி 100இல 2 பேருக்கும் குறைவு. ஆனா ஹெப்படைட்டிஸ் பி, தடுப்பூசி போடாத ஆளுக்கு 100இல 30 பேர் வரைக்கும் போகும். கனபேர் எச்.ஐ.விக்கு மட்டும் பயந்துகொண்டு திரிவினம், அதை விட கூடத் தொத்துற ஹெப்படைட்டிஸ் பிக்கு தடுப்பூசி இருக்கு, அதை போடாமல் வாறினம்.

குத்தினா செய்யவேண்டியது: நசிக்காதேங்கோ, உறிஞ்சாதேங்கோ, ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு வடிவா கழுவுங்கோ. கண்ணுக்குள்ள ரத்தம் தெறிச்சா சலைனால அல்லது சுத்தமான தண்ணியால நல்லா கழுவுங்கோ. பிறகு உடன, அந்த டியூட்டி முடிய முதலே, வாட் சிஸ்டருக்கும் டொக்டருக்கும் சொல்லுங்கோ, இன்ஃபெக்ஷன் கொன்ட்ரோல் நேர்ஸ் (நோய் தொத்தாமல் பாக்கிற பொறுப்பில உள்ளவ) இருந்தா அவவுக்கும். எழுத்தில பதிவு போடச் சொல்லி நீங்களே கேளுங்கோ. ஏச்சு விழுந்தா விழட்டும்.

குத்தாமல் இருக்க வழி பெரிய வித்தை இல்லை. ஏத்தின ஊசிக்கு மூடியை திருப்பிப் போடாதேங்கோ, கனபேருக்கு குத்துறது அந்த இடத்திலதான். ஷார்ப்ஸ் பொக்ஸை (பாவிச்ச ஊசி போடுற பெட்டி) கட்டிலடிக்கு கொண்டுபோங்கோ, ஊசியை கையில பிடிச்சுக்கொண்டு வாட்டு நீளத்துக்கு நடக்காதேங்கோ. பொக்ஸ் முக்கால்வாசி நிரம்பினா மாத்தோணும், மேல தள்ளி அமத்தக்கூடாது. நீங்கள் ஏத்தின ஊசியை நீங்களே போடுங்கோ, ட்ரேயில விட்டிட்டு போனா அது குத்தப்போறது உங்களுக்கில்லை, துப்பரவாக்க வாற அக்காவுக்கு. அவவுக்கு கிளவ்ஸ்கூட ஒழுங்கா கிடைக்கிறேல்ல, தடுப்பூசி போட்டிருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கிறதும் இல்லை. இதை நான் கோவத்தோடதான் எழுதுறன்.

வன்னிப் பிள்ளைகளுக்கு இது விளங்காத விசயம் இல்லை. மீள்குடியேறி வந்த காலத்தில பள்ளிக்கூடத்தில மிதிவெடி பற்றி சொல்லித்தந்தவை, மண்டையோடு போட்ட சிவப்பு போர்ட்டை கண்டா நில், தெரியாத சாமானை தொடாதே, பெரியாக்களுக்கு போய்ச் சொல்லு எண்டு. காணிக்குள்ள ஒரு இரும்புத்துண்டை கண்டா ஒளிச்சு வைக்கிறேல்ல, ஓடிப்போய்ச் சொல்லுவம், சொன்னதுக்கு ஒருத்தரும் எங்களை ஏசினதில்லை. வாட்டில மட்டும் ஏன் சொல்லுற பிள்ளைக்கு ஏச்சு விழுகுது எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல. மூத்த ஆக்களும் இதை வாசிச்சா, ஒரு பிள்ளை வந்து சொன்னா முதல்ல கையை கழுவ விடுங்கோ, பிறகு பேசலாம்.

மற்ற விசயங்களும் இருக்கு. கை கழுவுறது தெரிஞ்சதுதான், ஆனா சவுக்காரத்தோட 40 செக்கனில இருந்து ஒரு நிமிசம், ஹான்ட் றப் (கையில தேய்க்கிற அல்கஹோல்) எண்டா 20இல இருந்து 30 செக்கன், பேஷன்டை தொட முதலும் தொட்ட பிறகும். கிளவ்ஸ் போட்டாலும் கழட்டின உடன கழுவோணும். காசநோய் பேஷன்டுக்கு கிட்ட போகேக்க சாதாரண சேர்ஜிகல் மாஸ்க் உங்களுக்கு காணாது, என்95 எண்ட இறுக்கமான மாஸ்க் கேளுங்கோ, ஜன்னல்களை திறந்து விடுங்கோ, வெக்கையா இருந்தாலும் காத்து ஓடோணும். குளோரின் தண்ணியை டொய்லெட் கழுவுற அசிட்டோட ஒருக்காலும் கலக்காதேங்கோ, வாற வாயு நெஞ்சை அடைக்கும்.

முதுகு. நெல்லு மூட்டை தூக்கிப் பழகின வீட்டுப் பிள்ளைகள் நாங்கள், ஆளை தூக்குறதும் அப்பிடித்தான் எண்டு நினைப்பம். மூட்டை அசையாது, ஆள் அசையும், பயத்தில உங்கட கழுத்தை கட்டிப்பிடிக்கும். தனிய தூக்காதேங்கோ, முழங்காலை மடிச்சு, ஆளை உடம்போட கிட்ட வைச்சு, ரெண்டு பேரா எண்ணிக்கொண்டு. எனக்கு தெரிஞ்ச அக்கா ஒராள் ஒரு நைட் டியூட்டியில தனிய தூக்கி இண்டைக்கும் பெல்ட் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு வாறா.

நைட் முடிஞ்சு விடியக்காலமை மோட்டச்சைக்கிளில வீட்ட போறதும் இந்த கணக்குக்குள்ளதான் வரும். ஏ9 றோட்டில மாடு படுத்திருக்கும், உள்றோட்டில யானை நிக்கும், கண் சொக்கிக்கொண்டு வந்தா ஒண்டும் தெரியாது. நித்திரை வந்தா பஸ்ஸில போங்கோ, இல்லாட்டி அரை மணித்தியாலம் ரெஸ்ட் ரூமில சரிஞ்சிட்டு வெளிக்கிடுங்கோ.

நாளைக்கு காலமை பிள்ளையை கூட்டிக்கொண்டு ரத்தம் குடுக்க போறன். அக்கா பழைய றங்குப்பெட்டியை கிளறிப் பாத்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் மட்டும் எடுத்து வைச்சிருக்கிறா, கார்ட் கிடைக்கேல்ல, பரவாயில்லை, முதல் டோஸில இருந்தே தொடங்குவம்.